வீட்டில் ஆர்க்கிட் வளர்ப்பு

இம்மாத அங்கத்தினர் கல்விப் பாடத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள் ஆர்க்கிட் செடி. தறியை நம்பி வாழும் நெசவாள அங்கத்தினர்களும், மஞ்சளும் மரவள்ளியும் பயிரிடும் விவசாய அங்கத்தினர்களும், செல்வர் வீட்டு முன்கூடத்தில் வைக்கும் இச்செடிக்கு நம் இதழில் என்ன இடம் என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாக, என் அலுவலில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன்.

சேலம் மாவட்டத்தில் உள்ள ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றிருந்தேன். கணக்குகளைப் பார்த்து முடித்த மாலையில் அங்கத்தினர் சிலர் ஒரு யோசனையுடன் என்னிடம் வந்தனர். கோடை விழாவுக்கு ஏற்காடு போய் வந்தவர்கள் அவர்கள். அங்கே பூத்த ஆர்க்கிட் தொட்டிகள் நல்ல விலைக்கு விற்பதைக் கண்டிருந்தனர். தறி ஓய்ந்திருக்கும் மாதங்களில் வீட்டுப் பெண்கள் இச்செடிகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து ஐந்நூறு செடிகள் வாங்கலாம். அதற்குச் சேமிப்புக் கணக்கில் சேர்ந்திருக்கும் தொகையை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். அத்தொகை எத்தகையது என்பதை நான் அறிவேன். நெய்த கூலியில் சிறுகச் சிறுகப் பிடித்துப் பல ஆண்டுகளாகச் சேர்த்த பணம் அது. பெண்ணின் திருமணத்திற்கும், நோய்க்கும், முதுமைக்கும் என்று ஒதுக்கிய பணம்.

நான் உடன்படவும் இல்லை; மறுக்கவும் இல்லை. “வீட்டுக்கு ஒரு செடி வாங்குங்கள். ஓராண்டு உயிரோடு வைத்திருந்து பூக்கவும் செய்யுங்கள். அடுத்த ஆய்வுக்கு வரும்போது பேசுவோம்” என்றேன். அவர்களோடு நானும் ஒரு செடி வாங்கிக்கொண்டேன்.

ஓராண்டு கழித்துச் சென்றபோது ஒன்பது செடிகளில் ஐந்து மடிந்திருந்தன. இரண்டு, இலை விட்டிருந்தனவே ஒழியப் பூக்கவில்லை. இரண்டு மட்டுமே பூத்திருந்தன. என் செடியோ நான்காம் மாதமே போய்விட்டது. அதே விகிதத்தில் கணக்கிட்டால், ஐந்நூறு செடிகள் வாங்கியிருந்தால் ஏறத்தாழ 278 செடிகள் குப்பைக் குழியில் விழுந்திருக்கும். மடிந்தவை யாவும் ஒரே காரணத்தால் மடிந்தன என்பதே நாம் கவனிக்கத்தக்கது. எவரும் செடியைப் பட்டினி போடவில்லை. நாள் தவறாமல் நீர் ஊற்றியே அனைவரும் அதைக் கொன்றிருந்தோம்.

இத்தவறு எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு தவிர்ப்பது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

மரத்தின்மேல் வாழும் செடி

பூக்கும் தாவரங்களில் மிகப் பெரிய குடும்பங்களுள் ஆர்க்கிட் குடும்பம் ஒன்று. உலகெங்கும் ஏறத்தாழ 28,000 இனங்கள் இதில் அடங்கும். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பின்படி நம் நாட்டில் 1,256 இனங்கள் உள்ளன. அவற்றுள் 757 இனங்கள் மண்ணில் வேரூன்றாமல் மரக்கிளைகளையும் பாறைகளையும் பற்றி வாழ்பவை. இந்நிறுவனம் ஏற்காட்டில் ஓர் ஆர்க்கிட் தோட்டத்தை நடத்தி வருகிறது. சேர்வராயன் மலைப்பக்கம் செல்லும் அங்கத்தினர்கள் அதைக் கண்டு வருதல் நலம்.

மரத்தின்மேல் வாழ்கிறது என்றவுடன், மாமரத்தைக் கெடுக்கும் புல்லுருவி விவசாயிகளின் நினைவுக்கு வரும். ஆர்க்கிட் அத்தகையதன்று. புல்லுருவி கிளைக்குள் வேரைச் செலுத்தி மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது. ஆர்க்கிட்டோ கிளையை நிற்குமிடமாக மட்டுமே கொள்கிறது. மழைநீரையும், காற்றின் ஈரத்தையும், பட்டையின் வெடிப்புகளில் மக்கிய இலைதழைகளின் சத்தையும் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. குடியிருக்கும் வீட்டுக்குக் கேடு செய்யாத குடி அது.

இச்செடியின் பிறப்பும் கூட்டுறவாளர்கள் அறியத்தக்கது. ஆர்க்கிட்டின் ஒரு காயில் பல்லாயிரம் விதைகள் இருக்கும். சில இனங்களில் பல இலட்சம். ஆனால் அவை தூசி போன்றவை. நெல்லிலும் அவரையிலும் இருப்பது போன்ற சேமித்த உணவு அவற்றில் இல்லை. கைம்முதல் இல்லாமல் பிறக்கும் இவ்விதைக்கு ஒருவகைப் பூஞ்சை உணவளித்தால்தான் அது முளைக்கும். இவ்வுண்மையை 1899-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் கண்டறிந்தார். சர்க்கரை கலந்த கூழில் பூஞ்சையின் துணையின்றியே விதையை முளைக்கச் செய்யலாம் என்பதை 1922-இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் காட்டினார். 1960-இல் பிரான்சில் ஜார்ஜ் மொரெல் தண்டின் நுனித் திசுவிலிருந்து செடிகளைப் பெருக்கும் முறையை வெளியிட்டார். மன்னர்களுக்கும் பிரபுக்களுக்கும் மட்டுமே எட்டிய இச்செடி இன்று நம் கைக்கு எட்டும் விலைக்கு வந்ததற்கு இவ்வாராய்ச்சிகளே காரணம்.

வேரின் இயல்பு

மரக்கிளையில் தொங்கும் வேரை நினைத்துப் பாருங்கள். மழை பெய்கிறது, வேர் நன்றாக நனைகிறது. மழை விடுகிறது, காற்று வீசுகிறது, சில மணி நேரத்தில் வேர் உலர்கிறது. நனைவதும் உலர்வதும் மாறி மாறி வருவதே அதன் வாழ்க்கை.

இதற்கேற்ப அவ்வேரின்மேல் வெலாமன் எனப்படும் பஞ்சு போன்ற உறை ஒன்று அமைந்துள்ளது. நூற்சிட்டத்தை நீரில் நனைத்தால் அது எவ்வாறு நீரைக் குடித்து வைத்துக்கொள்கிறதோ அவ்வாறே இவ்வுறையும் நீரை விரைவாகப் பற்றிக்கொண்டு, உள்வேருக்கு மெதுவாக வழங்குகிறது. உலர்ந்திருக்கும்போது உறையின் அறைகளில் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளி போல வெளுத்துத் தோன்றும். நனைந்தவுடன் உள்ளிருக்கும் பச்சை நிறம் வெளியே தெரியும். இந்நிற மாற்றத்தை நினைவில் வையுங்கள். இப்பாடத்தின் பெரும்பகுதி இதில் அடங்கியிருக்கிறது.

இத்தகைய வேரைச் செம்மண்ணில் புதைத்து நாள்தோறும் நீர் விட்டால் என்ன ஆகும்? உறை உலர்வதே இல்லை. காற்று உட்புகுவதில்லை. வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. தேங்கிய நீரில் மஞ்சள் கிழங்கு அழுகுவதை விவசாய அங்கத்தினர்கள் அறிவார்கள். இதுவும் அதுவே.

இனி, நாங்கள் அனைவரும் ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். வேர் அழுகியபின் அது நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே தொட்டி நிறைய ஈரமிருந்தும் இலைகள் தாகத்தால் சுருங்கித் தொய்கின்றன. பார்ப்பவர் என்ன நினைக்கிறார்? செடிக்கு நீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுகிறார். எஞ்சிய வேர்களும் அழுகுகின்றன. இலை மேலும் தொய்கிறது. மேலும் நீர் விழுகிறது. அன்பு மிகுந்த வீட்டில் செடி விரைவாக மடிவதற்கு இதுவே காரணம்.

தவணை தவறிய அங்கத்தினர் ஒருவருக்கு, பழைய பாக்கியை அடைப்பதற்கென்றே புதுக் கடன் எழுதிக் கணக்கை நேராக்கிக் காட்டும் வழக்கத்தை என் அலுவலில் கண்டிருக்கிறேன். பேரேட்டில் பாக்கி மறைந்துவிடும். அந்தக் குடும்பத்தின் சுமையோ இரட்டிக்கும். அவர் ஏன் தவணை தவறினார் என்று எவரும் வீடு சென்று பார்த்திருக்கமாட்டார்கள். தொய்ந்த இலையைக் கண்டவுடன் நீர் ஊற்றுவதும் இத்தகைய காரியமே. முதலில் வேரைப் பார்க்க வேண்டும்.

தொய்ந்த செடியின் வேர் வெளுத்தும் உறுதியாகவும் இருந்தால் அது மெய்யாகவே தாகம், நீர் விடலாம். வேர் பழுப்பாகி, விரலால் அழுத்தினால் குழைந்து, உள்ளே நார் மட்டும் எஞ்சியிருந்தால் அது அழுகல். அப்போது செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, அழுகிய வேர்களை நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தரியால் வெட்டி நீக்க வேண்டும். வெட்டுவாயில் மட்டும் சிறிது இலவங்கப்பட்டைத் தூள் தடவலாம். நல்ல வேரின்மேல் அது படலாகாது. ஒருநாள் நிழலில் உலரவிட்டுப் புதிய ஊடகத்தில் நட வேண்டும். நல்ல வேர் இரண்டு மூன்று எஞ்சியிருந்தாலும் செடி பிழைப்பதுண்டு.

தொட்டியும் ஊடகமும்

ஆர்க்கிட்டுக்கு மண் கூடாது. மரக்கரித் துண்டுகள், தேங்காய் மட்டைத் துண்டுகள், உடைந்த ஓடு அல்லது செங்கல் துண்டுகள், கிடைத்தால் பைன் மரப்பட்டை ஆகியவையே ஏற்றவை. துண்டுகள் சுண்டுவிரல் நுனி முதல் கட்டைவிரல் நுனி வரையான அளவில் இருக்கட்டும். பொடியைச் சலித்து நீக்கிவிடுங்கள். பொடி சேர்ந்தால் காற்றுப் போகும் வழி அடைபடும்.

தேங்காய் மட்டை நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது. எனினும் அதிலுள்ள உப்பும் கறையும் வேருக்கு ஆகா. ஆகவே துண்டுகளை நீரில் ஊறவைத்து, சாய நீர் போல இறங்கும் நீரை வடித்து, நீர் தெளியும் வரை பலமுறை மாற்ற வேண்டும். மட்டை ஈரத்தை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். அதைத் தனியே இடாமல் கரியும் ஓட்டுத்துண்டும் கலந்து இடுவதே புதியவர்களுக்குப் பாதுகாப்பு.

தொட்டியின் அடியிலும் பக்கங்களிலும் துளைகள் இருக்க வேண்டும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியாயின் வேரின் நிறத்தை வெளியிலிருந்தே காணலாம். கற்பவர்களுக்கு அது மிகவும் உதவும். செடி சிறியது, தொட்டி பெரியது என்றால் நடுப்பகுதி உலராது. வேர்கள் கொள்ளும் அளவுக்குச் சற்றே பெரிய தொட்டி போதும். பூந்தொட்டிக்கு அழகுக்காக வெளித்தொட்டி வைப்போர், அதில் நீர் தேங்குகிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். என் செடி மடிந்தது அத்தகைய அழகிய வெளித்தொட்டியில்தான்.

ஊடகம் நாளடைவில் மக்கிப் பொடியாகும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பூ முடிந்து புதுவேர் தலைகாட்டும் சமயத்தில், அதை மாற்றிவிடுவது அவசியம்.

நீர் விடும் முறை

வாரத்திற்கு எத்தனை முறை நீர் விடுவது என்று அங்கத்தினர்கள் கேட்கிறார்கள். கிழமைக் கணக்கு இதற்குப் பொருந்தாது. சித்திரை வெயிலில் இரண்டு நாளில் உலரும் தொட்டி, ஐப்பசி அடைமழையில் பத்து நாளானாலும் உலராது. ஆகவே பின்வரும் விதிகளைக் கைக்கொள்க.

1. வேர் வெளுத்தபின் நீர் விடுக. பச்சையாக இருக்கும்வரை விடாதொழிக. வேர் கண்ணுக்குத் தெரியாவிடில் தொட்டியைத் தூக்கிப் பார்க்கவும். நூற்கட்டைக் கையில் எடுத்தவுடன் எடை சொல்லும் நெசவாளருக்கு உலர்ந்த தொட்டியின் எடையை அறிவது அரிய காரியமன்று.

2. விடும்போது நிறைய விடுக. சொட்டுச் சொட்டாக ஊற்றுவதில் பயனில்லை. அடித்துளை வழியே நீர் நன்றாக ஓட வேண்டும். பின் முழுவதும் வடியவிட்டே இருப்பிடத்தில் வைக்க வேண்டும்.

3. காலையில் விடுக. இரவு வருமுன் இலைகள் உலர்ந்துவிட வேண்டும்.

4. இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கவிடலாகாது. தேங்கினால் குருத்து அழுகும். குருத்து அழுகினால் செடி தேறுவது அரிது. தேங்கிய நீரை நூற்கழிவால் ஒற்றி எடுத்துவிடலாம்.

5. பல செடிகளை ஒரே வாளி நீரில் மாற்றி மாற்றி அமிழ்த்தாதீர்கள். ஒன்றின் நோய் மற்றவற்றுக்குப் பரவும்.

6. மழைநீர் மிகச் சிறந்தது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் உப்புக் கலந்தது. அவ்வுப்பு வேரின்மேல் வெண்மையாகப் படிந்து நுனிகளைக் கரிக்கும். 2003-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கூரை நீரில் இரண்டு குடம் மூடி வைத்தால் ஒரு செடிக்குப் பல வாரங்கள் போதும்.

வெளிச்சம், ஈரக்காற்று, குளிர்ச்சி

காட்டில் இலைகளின் ஊடே சிதறி விழும் ஒளியில் வாழும் செடிக்கு, நேர் வெயிலும் ஆகாது, இருட்டறையும் ஆகாது. கிழக்குச் சன்னல் மிக நன்று. செடி வைக்கும் இடத்தில் நண்பகலில் கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் மங்கலாகத் தெரிந்தால் ஒளி சரியானது. நிழலின் விளிம்பு கூர்மையாக விழுந்தால் வெயில் அதிகம். நிழலே விழாவிட்டால் ஒளி போதாது. இலையும் இதைக் காட்டும். கரும்பச்சை இலை ஒளிக் குறைவைக் குறிக்கும். மஞ்சள் பாய்ந்த இலை ஒளி மிகுதியைக் குறிக்கும். இலை விட்டுப் பூக்காமற்போன இரு செடிகளும் உள்ளறையில் சாமி படத்தருகே வைக்கப்பட்டிருந்தவை.

காற்றில் ஈரம் 50 முதல் 70 விழுக்காடு வரை இருப்பது நலம். இங்கேதான் நெசவாளர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. காற்று வறண்டால் பருத்திப் பாவு முறுக்கிக்கொண்டு இழை அறுகிறது என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதற்காகவே தறிக்கூடத்தின் தரையை நனைத்து வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. குழித்தறி இருக்கும் கூடத்தில் காற்று இயல்பாகவே ஈரமாக இருக்கும். பூத்த இரு செடிகளுள் ஒன்று அத்தகைய கூடத்தின் கிழக்குச் சன்னலில் இருந்தது.

அதை வளர்த்தவர் அங்கத்தினர் ஒருவரின் தாயார். எழுபதைக் கடந்தவர், இன்றும் தார் சுற்றுபவர். “எப்படியம்மா இதைக் காப்பாற்றினீர்கள்?” என்று கேட்டேன்.

“நான் என்ன தம்பி செஞ்சேன்! வேர் வெளுத்தா தண்ணி, பச்சையா இருந்தா சும்மா விட்டுடுவேன். பாவுக்குக் கஞ்சி கூடினாலும் கெடுதி, குறைஞ்சாலும் கெடுதிதானே” என்றார்.

எவரும் அவருக்கு வேரின் நிறத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கவில்லை. நூலைப் பார்த்துப் பழகிய கண் வேரையும் பார்த்துவிட்டது. பட்டம் பெற்ற நான் புத்தகத்தைத் தேடுமுன் செடியையே பார்த்திருக்க வேண்டும் என்று அன்று உணர்ந்தேன்.

தறிக்கூடம் இல்லாத வீட்டில், தட்டில் கூழாங்கற்களைப் பரப்பிச் சிறிது நீர் ஊற்றி, நீர்மட்டத்திற்கு மேலே தொட்டியை வைத்தால் அருகிலுள்ள காற்று ஓரளவு ஈரமாகும். ஈரத்தோடு காற்றோட்டமும் வேண்டும். அடைத்த அறையின் ஈரம் பூஞ்சை நோயை வளர்க்கும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, ஃபெலனாப்சிஸ் என்னும் அகன்ற இலை இனம் பூத்தண்டு விடுவதற்குச் சில வாரங்கள் குளிர்ந்த இரவுகள் தேவை. வெப்பம் இரவும் பகலும் 28 டிகிரி செல்சியசுக்கு மேலேயே நீடித்தால் பெரும்பாலும் தண்டு தோன்றாது. ஆகவே கார்த்திகை முதல் தை வரை இச்செடியை இரவுக் குளிர் படும் சன்னலோரத்தில் வைத்தல் வேண்டும். தண்டு தோன்றியபின் பூ விரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். மேற்கூறிய அம்மையாரின் செடி மாசியில் பூத்தது இக்காரணத்தால்தான். மலையில் பூத்த செடியைக் கீழே கொண்டுவந்து மறுமாதமே அடுத்த பூவை எதிர்பார்த்தல் தகாது.

உரமும் பூச்சியும்

ஆர்க்கிட் மெல்ல வளரும் செடி. அதன் உணவும் சிறிதே. 19:19:19 என்னும் நீரில் கரையும் உரத்தை, 1 லிட்டர் நீருக்கு அரை கிராம் வீதம் கரைத்து, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை விட்டால் போதும். உலர்ந்த வேரில் உரநீர் விடலாகாது. முதலில் வெறும் நீரால் நனைத்துக்கொள்க. மாதம் ஒருமுறை வெறும் நீரை நிறைய ஊற்றி, தங்கிய உப்பைக் கழுவிவிடுக. நெல்லுக்கு இடும் கணக்கில் யூரியாவை அள்ளியிடுவோர் செடியை இழப்பர்.

மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் இலையடியிலும் கணுக்களிலும் ஒளிந்திருக்கும். எண்ணிக்கை குறைவாயின் நீர் கலந்த ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். மிகுந்தால் வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கலாம். நத்தைகள் இளவேர் நுனிகளைத் தின்னும். இரவில் விளக்குடன் பார்த்துப் பொறுக்கிவிடுக. நச்சுயிரி நோய்க்கு மருந்தில்லை. அது வெட்டுக்கருவி வழியே பரவும். ஆகவே ஒரு செடியை வெட்டிய கத்தரியை நெருப்பில் காட்டாமல் அடுத்த செடியில் வைக்கலாகாது.

பூ முடிந்த பிறகு

ஃபெலனாப்சிஸ் பூ இரண்டு மூன்று மாதங்கள்கூட வாடாமல் நிற்கும். உதிர்ந்தபின் செடி திடமாக இருந்தால் பூத்தண்டை அடியிலிருந்து இரண்டாம் கணுவுக்கு மேலே வெட்டலாம். அக்கணுவிலிருந்து மீண்டும் பூக்கக்கூடும். செடி மெலிந்திருந்தால் தண்டை அடியோடு நீக்கி அதை ஓய்வெடுக்க விடுக.

டென்ட்ரோபியம் வேறு வகை. கரும்பு போன்ற தண்டுகள் அதற்கு உண்டு. இலையுதிர்ந்த பழைய தண்டு வறண்டதுபோல் தோன்றினாலும் வெட்டலாகாது. அதில் சேமித்த நீரும் உணவும் இளந்தண்டுக்குப் போகின்றன. அது முற்றிலும் காய்ந்து மஞ்சளித்தபின் நீக்கினால் போதும். வருவாய் நின்ற முதியவர் குடும்பத்தைத் தாங்குவது போன்ற ஏற்பாடு இது.

எதை வாங்குவது?

சமவெளியில் வாழும் புதியவர்களுக்கு டென்ட்ரோபியமே ஏற்றது என்பது என் கருத்து. நம் வெப்பத்தைத் தாங்கும். ஒளியுள்ள திண்ணையில் தழைக்கும். பூத்த இரு செடிகளுள் மற்றொன்று இவ்வகையே. வாண்டா இனங்களுக்கு வேர்கள் வெறுமனே காற்றில் தொங்கும். கோடையில் நாள்தோறும் நனைக்க வேண்டியிருக்கும். வாங்குமுன் பூவைப் பார்த்து மயங்காமல், வேர் உறுதியாக உள்ளதா, குருத்து அசையாமல் நிற்கிறதா, இலையடியில் மாவு உள்ளதா என்று பாருங்கள்.

காட்டிலிருந்து பறித்த செடியை எவர் விற்றாலும் வாங்காதீர்கள். அகத்தியமலையில் மட்டுமே வளரும் டுரூரியி என்னும் ஆர்க்கிட் இனம், பறிப்போர் மிகுதியால் அருகிப்போனது. அதன் குடும்பமாகிய லேடீஸ் ஸ்லிப்பர் இனங்களும், நீல வாண்டா, சிவப்பு வாண்டா ஆகியவையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றவை. தோட்டத்தில் பெருக்கிய செடி கைக்கெட்டும்போது காட்டுச்செடிக்குத் தேவை என்ன?

வாணிபம் பற்றி ஓர் எச்சரிக்கை

ஆர்க்கிட் குடும்பத்தில் வனிலாவும் ஒன்று. மெக்சிகோ நாட்டுக் கொடியான அதன் பூவைக் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்கச் செய்யும் எளிய முறையை, 1841-ஆம் ஆண்டு ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியசு என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் கண்டான். இன்றும் உலகெங்கும் அம்முறையே வழங்குகிறது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வனிலா விலை வானளாவ உயர்ந்து, 2003, 2004 ஆண்டுகளில் உச்சத்தைத் தொட்டது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் பலர் வேறு பயிர்களை விட்டு அதை நட்டனர். கொடி காய்க்கத் தொடங்க மூன்றாண்டு ஆகும். பலருடைய கொடி காய்ப்பதற்குள், 2005-ஆம் ஆண்டளவில், விலை சரிந்துவிட்டது. கொடியில் குற்றமில்லை, பிறர் விற்ற விலையைத் தம் வருவாயாக எண்ணியதே பிழை.

இக்காரணத்தால்தான் வீட்டில் ஒரு செடியிலிருந்து தொடங்குமாறு கூறினேன். ஒரு செடியை இழந்தால் அது படிப்புச் செலவு. சேமிப்பு முழுவதையும் இழந்தால் அது குடும்பத்தின் முறிவு.

அச்சங்கத்தில் பின்னர் நடந்ததையும் கூறி முடிக்கிறேன். ஒன்பது குடும்பத்தாரும் ஒருநாள் மாலை தறிக்கூடத்தில் கூடினர். மடிந்த செடிகளின் தொட்டிகளையும் கொண்டுவரச் செய்து, ஒவ்வொன்றாகக் கொட்டி வேரைப் பார்த்தோம். என் தொட்டியையும் கொட்டினேன். எவரும் எவரையும் குறை கூறவில்லை. சேமிப்பைத் தொடுவதில்லை என்றும், வீட்டுக்கு இரண்டு டென்ட்ரோபியம் மட்டும் கைப்பணத்தில் வாங்கி இன்னும் ஓராண்டு வளர்ப்பதென்றும், அம்மையார் வாரம் ஒருமுறை வீடுதோறும் சென்று வேர் பார்ப்பதென்றும் முடிவு செய்தனர். பதினெட்டுச் செடிகளில் எத்தனை நிற்கின்றன என்பதை அடுத்த ஆய்வில் எண்ணுவேன். விற்பனை பற்றிய பேச்சு அதன்பின் வரட்டும்.

கல்வி வகுப்பில் ஆராய்வதற்கு

1. தொட்டியில் ஈரமிருந்தும் ஆர்க்கிட் இலை தொய்வதற்குக் காரணம் யாது? அப்போது முதலில் செய்யத்தக்கது என்ன?

2. புல்லுருவிக்கும் ஆர்க்கிட்டுக்கும் உள்ள வேறுபாடு யாது?

3. உங்கள் வீட்டில் கையின் நிழல் மங்கலாக விழும் இடம் எது? நண்பகலில் பார்த்துக் குறித்து வருக.

4. உங்கள் தொழிலில் நீங்கள் கண்ணாலும் கையாலும் அறியும் அளவுகள் எவை? அவற்றுள் செடி வளர்ப்புக்குப் பயன்படுவன எவை?

5. ஒரு புதிய தொழிலுக்குச் சங்கச் சேமிப்பை எடுக்குமுன் எத்தகைய சோதனையைக் குடும்பங்கள் செய்து பார்க்க வேண்டும்? உங்கள் ஊர் அனுபவத்தைக் கொண்டு கூறுக.